15 எப்பவும் 15 இல்லீங்க!

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் நானே சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆணி போக மிச்ச நேரமெல்லாம் கடல்ல. கடல்னா முழுக் கடல் இல்ல, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா. காரைக்குடி ஊரணில டயர் ட்யூப் கட்டி நீச்சல் பழகினவனுக்கு அதுவே கடல்தான்.

ஒரு விஷயத்தப் பத்தி சொல்லியே ஆகணும்னு தோணுது. போன ஜூலைல ஒரு நாள் சாயங்காலம் நடந்தது. அதுக்கப்புறம் தங்கமணி ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மூணாவது நாள் பேசினப்ப அவ கேட்ட ஒரே கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் நிபுணன் எல்லாம் இல்ல. இது எனக்கு மூணாவது சீசன். பொட்டி தட்டற தொழிலாளி. கணக்குப் போடத் தெரியும், அதனால எழுதறேன்.

முதல்ல தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. விங் ஃபாயிலிங்னா, கைல காத்தடிச்ச துணி இறக்கை ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு சின்ன பலகை மேல நிக்கணும். பலகைக்கு அடில ஒரு நெட்டுக்குத்தலான தகடு இருக்கும், அது மாஸ்ட். அதோட நுனில குட்டி ஏரோப்ளேன் மாதிரி ஒரு சமாச்சாரம், அது ஃபாயில். வேகம் வந்ததும் ஃபாயில் தண்ணிக்குள்ள பறக்க ஆரம்பிக்கும், பலகை தண்ணிய விட்டு மேல எந்திரிச்சிரும். அப்புறம் சத்தமே இருக்காது. அந்த சத்தமில்லாத ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை கூத்தும். இப்ப எல்லாரும் பிடிச்சிருக்கற காத்தடிச்ச விங் கடைகளுக்கு வந்தது 2019 வாக்குல. அதனால யாரும் பரம்பரை வித்வான் கிடையாது, எல்லாரும் போன வாரம் கத்துக்கிட்டத இந்த வாரம் அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கறவங்கதான். (நான் உட்பட, ஹிஹி)

இந்த விளையாட்டுல எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "இன்னிக்கு காத்து எவ்ளோ?" அதுக்கு ஒரு நம்பர் வரும். 15 நாட், 20 நாட். உடனே மனசுக்குள்ள ஒரு அட்டவணை ஓடும். 12-லேர்ந்து 17-ன்னா 6 சதுர மீட்டர் விங், 15-லேர்ந்து 22-ன்னா 5, 20-க்கு மேலன்னா 4. என் எடைக்கு (72 கிலோ) இது ஓரளவுக்கு சரியான அட்டவணையும்கூட. தப்பு அட்டவணைல இல்ல. காத்த மட்டும் பாத்துட்டு தண்ணியக் கேக்காம விடறோம் பாருங்க, அங்கதான் தப்பு.

சரி, கதைக்கு வரேன்.

சான் மேட்டியோ பக்கம் தேர்ட் அவென்யூன்னு ஒரு இடம். ஃபாஸ்டர் சிட்டி கரை. சம்மர்ல உள்நாட்டுல சென்ட்ரல் வேலி 40 டிகிரில கொதிக்கும். பசிபிக் பக்கம் ஜில்லுன்னு இருக்கும். சூடான பக்கம் காத்து மேல கிளம்ப, அந்த இடத்த நிரப்ப கடல் காத்து ஓடி வரும். மலைத்தொடர்ல எங்க எங்க பள்ளம் இருக்கோ அது வழியாத்தான் வரணும். ஒரு பள்ளம் கோல்டன் கேட், இன்னொண்ணு சான் புருனோ பக்கம். இந்த சான் புருனோ இடைவெளி வழியா வர்ற காத்துதான் ஏர்போர்ட்டைத் தாண்டி கொயோட்டி பாயின்ட், தேர்ட் அவென்யூ வரைக்கும் வருது. ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் பல நாள் சாயங்காலம் ஆபீஸ் முடியற நேரத்துக்கு கரெக்டா வந்துரும். மேனேஜரவிட பங்க்சுவல்.

அன்னிக்கு அஞ்சு மணிக்கு காத்துமானி 18 காட்டுச்சு. நடுல நடுல 21. நான் அந்த மாசம்தான் கியர் மாத்தியிருந்தேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட் செட். 95 லிட்டர் பலகை, 1250 சதுர சென்டிமீட்டர் ஃபாயில், 72 சென்டிமீட்டர் மாஸ்ட். அலமேடா பீச்ல இத வெச்சுத்தான் பழகினேன். ஆனா தேர்ட் அவென்யூக்கு வந்தா கரைல நிக்கற எல்லாரும் குட்டிக் குட்டி பலகை வெச்சிருக்காங்க. என் பலகையப் பாத்து ஒருத்தர் "நல்ல படகு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பாராட்டுன்னு நெனச்சு தேங்க்ஸ் வேற சொல்லிட்டேன், அவ்வ்வ்வ்.

அப்புறம் என்ன, தன்மானம். 75 லிட்டர் பலகை, நீளமா ஒல்லியா 850 ஃபாயில். மாஸ்ட் மட்டும் பழசு, காசு தீந்து போச்சு. என் ரூம்மேட்டா இருந்த மதுரைக்காரன் அன்னிக்கு கூட வந்திருந்தான். அவனுக்கு இதுல ஒரு ஈடுபாடும் கிடையாது, கரைல உக்காந்து கடலை சாப்பிடறதுக்கு வந்தவன்.

"மாப்ள, போன வாரம் வரைக்கும் கட்டில் மாதிரி ஒண்ணு வெச்சிருந்த, இதென்னடா இட்லித் தட்டு மாதிரி இருக்கு?"

"டேய், சின்ன போர்டுதான்டா கெத்து. எல்லாரும் இதான் ஓட்றாங்க."

"எல்லாருன்னா யாரு? அந்தத் தாத்தாவா? அவரு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தண்ணில எறங்கினவரு மாதிரி இருக்காருடா."

அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கல. 4 மீட்டர் விங்க எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் தண்ணி வளைகுடாவ விட்டு வெளிய இறங்கிட்டிருந்தது. அதாவது தெற்கேருந்து வடமேற்கா, கோல்டன் கேட்டப் பாத்து. காத்து வடமேற்கேருந்து வருது. ரெண்டும் நேருக்கு நேர் முட்டுது. இப்படி முட்டும்போது அலைகளோட நீளம் குறுகும், உயரம் கூடும், செங்குத்தா நிக்கும். மூணு செகண்டுக்கு ஒரு தரம் சுவர் மாதிரி ஒண்ணு வரும். இதத்தான் சாப்புன்னு சொல்றாங்க. பெரிய அலைன்னா ஒரு தாளம் இருக்கும், அதோட சேந்து போயிரலாம். சாப்புக்குத் தாளமே கிடையாது. மதுர பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துக்குள்ள சைக்கிள் ஓட்டற மாதிரி.

எந்திரிக்கறதுக்குப் பிரச்சனையே இல்ல, காத்து நல்லா இழுத்துச்சு. ஆனா எந்திரிச்சா இருக்க முடியல. அலைப் பள்ளத்துக்கு மேல வரும்போது ஃபாயில் தண்ணிய விட்டு வெளிய வந்துரும். வந்தா காத்து உள்ள பூந்து, தூக்கற சக்தி ஒரே நொடில போயிரும். மூக்கு குப்புற விழணும். எந்திரி, விழு, எந்திரி, விழு. முப்பது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஜில் தண்ணில பலகை மேல ஏறி, விங்கத் திருப்பி... ஒரு மணி நேரத்துல கை ரெண்டும் ஊறப்போட்ட அவல் மாதிரி ஆயிடுச்சு.

ஆறேகாலுக்கு தண்ணி திரும்புச்சு. கொஞ்ச நேரத்துல கடல் அழகா சமமாயிடுச்சு. "ஆஹா, இனிமேதான்டா நம்ம நேரம்"னு நெனச்சேன். அங்கதான் ஆரம்பிச்சது வினை. இப்ப தண்ணி காத்தோட சேந்து உள்ள ஏறுது, தென்கிழக்கா. அந்தப் பக்கம் இருக்கறது சான் மேட்டியோ பாலம். காத்தும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. கரைக்கு வந்தப்புறம் மானியப் பாத்தேன், 14. அவ்வளவுதான், 4 நாட் கொறஞ்சிருக்கு. ஆனா என்னால எந்திரிக்கவே முடியல. பலகை மேல நின்னா அது என்னையும் தூக்கிட்டு தண்ணிக்குள்ள போகுது. முட்டி போட்டு விங்க ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாலும் ஃபாயில் கிளம்பல. இருபது முயற்சிக்கு அப்புறம் நிமிந்து பாத்தா, பாலத்தோட தூண்களை எண்ண முடியுது.

அந்த நொடி எனக்கு சத்தியமா பயம் வந்துச்சுங்க. தூண்களுக்கு நடுல தண்ணி ஓடற வேகத்துல விங்கோட கயிறு, பலகையோட கயிறு ஏதாவது ஒண்ணு தூண்ல மாட்டினா என்ன ஆகும்னு மூளை படம் போட்டுக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. போன் கார்ல. விசில் இல்ல. தங்கமணிகிட்ட ஏழரைக்கு வந்துருவேன்னு சொல்லியிருக்கேன்.

அப்ப அந்தத் தாத்தா, மதுரைக்காரன் சொன்ன அதே ஆளு, விண்ட்சர்ஃப் பலகைல பக்கத்துல வந்து நின்னாரு. ரெண்டே கேள்விதான் கேட்டாரு. பலகை எத்தனை லிட்டர், உன் எடை எவ்ளோ. சொன்னேன். "அப்படின்னா உங்கிட்ட படகே இல்லையேப்பா"ன்னாரு. கிண்டலா சொல்லல, டாக்டர் ரிப்போர்ட் படிக்கற மாதிரி சொன்னாரு. அப்புறம், "ஓட்டத்த எதிர்த்துப் போகாத. கிளம்பின எடத்துக்குத் திரும்பணும்னு பாக்காத. விங்கப் படுக்கப் போட்டு, பலகைல குப்புறப் படுத்து, கரையப் பாத்து குறுக்கால கையடி. எங்க கொண்டு போய் விடுதோ அங்க ஏறு"ன்னு சொல்லிட்டு, நான் கரை சேர்ற வரைக்கும் சுத்திச் சுத்தி வந்துட்டே இருந்தாரு.

பாலத்துக்கு முன்னாடியே பாறைக் கரைல ஏறிட்டேன். அங்கேருந்து கியரத் தூக்கிட்டு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடை. கார்ல வந்து போன எடுத்தா 11 மிஸ்டு கால். மதுரைக்காரன் கைல இருந்த கடலைப் பொட்டலம் அப்படியே இருந்துச்சு. அவன் ஒண்ணும் பேசல. அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

தங்கமணி மூணாவது நாள் கேட்ட கேள்வி இதான்: "காத்து 18 இருந்துச்சு, அதுக்கேத்த விங்தான் எடுத்தேன்னு சொல்றீங்க. எல்லாம் சரியா இருந்தா ஏன் திரும்பி வர முடியல?"

இப்ப கணக்குக்கு வருவோம். (இங்கதான் பாதிப் பேரு எஸ்கேப் ஆவீங்க, தெரியும். ஒரே ஒரு பெருக்கல்தான், இருங்க.)

காத்தோட இழுவை அதோட வேகத்தோட வர்க்கத்துல போகும். மானி கரைல நிக்குது, நான் தண்ணி மேல நிக்கறேன். தண்ணியே ஓடுது. அதனால எனக்குக் கிடைக்கற காத்து, தண்ணியோட ஒப்பிட்டா என்ன வேகமோ அதுதான். மானி 15 காட்டுதுன்னு வைங்க. தண்ணி 2 நாட்ல காத்துக்கு எதிரா வந்தா எனக்கு 17. காத்தோட சேந்து போனா 13. 17-ஓட வர்க்கம் 289, 13-ஓட வர்க்கம் 169. ஒரே 15, ஆனா இழுவை 71 சதவீதம் வித்தியாசம்!

இப்ப என் கதைய இதுல போடுங்க. ஓட்டம் ஒன்றரை நாட்னு வெச்சா, முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைச்சது 19.5, கடைசில கிடைச்சது 12.5. மானியப் பாத்தா 18-லேர்ந்து 14, அவ்வளவுதான். நிஜத்துல இழுவை ரெண்டரை மடங்கு கிட்ட கொறஞ்சு போச்சு. 4 மீட்டர் விங்குக்கும் 850 ஃபாயிலுக்கும் அது பத்தவே பத்தாது.

அடுத்தது பலகை. 75 லிட்டர் உப்புத் தண்ணில கிட்டத்தட்ட 77 கிலோ தாங்கும். அதுல பலகை, ஃபாயில் எடையே 9 கிலோ போச்சு, மிச்சம் 68. நான் 72, நனைஞ்ச வெட்சூட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேத்து 77. ஆக, 9 கிலோ கடன்ல நிக்கறேன். காத்து இருக்கற வரைக்கும் இந்தக் கடனுக்கு விங் வட்டி கட்டிட்டே இருக்கும். காத்து நின்னா ஜப்திதான். பழைய 95 லிட்டர்ல இதே கணக்கு 11 கிலோ மிச்சத்துல முடியும். தாத்தா சொன்ன "படகே இல்லையே"வுக்கு அர்த்தம் இதான்.

அடுத்தது ஃபாயில். சாப்ல பெரிய ஃபாயில் நல்லதா சின்னது நல்லதான்னு கேட்டா நேரடி பதில் கிடையாது. பெருசுன்னா சீக்கிரம் எந்திரிக்கும், ஆனா ஒவ்வொரு அலையோட மேல் கீழ் அசைவையும் வாங்கி நம்மளத் தூக்கித் தூக்கிப் போடும். சின்னது வேகமா போகும்போது வெண்ணெய் மாதிரி போகும், ஆனா அந்த வேகம் வரணும். 1100-ல கிளம்பறதுக்கு வேண்டிய வேகத்தவிட 850-க்கு 14 சதவீதம் கூட வேணும். அதனால நான் 850-க்குப் போனது முழு முட்டாள்தனம் இல்ல, பாதி முட்டாள்தனம்தான் :-)

இன்னொரு விஷயம், யாரும் பெட்டில கொட்டை எழுத்துல போடறதில்ல. ஏரியா மட்டும் பாக்கக் கூடாது, நீளத்தையும் பாக்கணும். என் 850 ஒல்லி ஜாதி, நீள அகல விகிதம் 10. நுனிக்கு நுனி 92 சென்டிமீட்டர். இப்ப வெச்சிருக்கற 1100-க்கு விகிதம் 6.5, நுனிக்கு நுனி 85 கூட இல்ல. ஏரியால பெருசு, நீளத்துல சின்னது! சாப்ல சாஞ்சு ஓட்டும்போது முதல்ல வெளிய எட்டிப் பாக்கறது நுனிதான். நீளம் கொறைஞ்சா அந்தத் தொல்லை கொஞ்சம் கொறையும். கொஞ்சம்தான், 30 டிகிரி சாஞ்சா ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட. கணக்குல பொய் சொல்லக் கூடாதுல்ல.

உண்மையில சாப்புக்கு மருந்து மாஸ்ட்தான். அலை உச்சிக்கும் பள்ளத்துக்கும் 60 சென்டிமீட்டர்னு வைங்க. பலகை ஒரே மட்டத்துல போகணும்னா 72 சென்டிமீட்டர் மாஸ்ட்ல எனக்கு மிச்சம் 12. அதாவது உச்சில பலகை இடிக்காம, பள்ளத்துல ஃபாயில் வெளிய வராம இருக்க எனக்கு ஒரு சாண் கூட கிடையாது. அதையே 85 ஆக்கினா மிச்சம் 25. ரெண்டு மடங்கு! மாஸ்ட் நீளம் கூடினது 13 சென்டிமீட்டர்தான். நான் காசில்லன்னு எத விட்டேனோ, முதல்ல அதத்தான் வாங்கியிருக்கணும். பலகையையும் ஃபாயிலையும் மாத்தாம மாஸ்ட மட்டும் மாத்தியிருந்தா அன்னிக்கு பாதி தடவை விழுந்திருக்க மாட்டேன். கை தெம்பா இருந்திருக்கும். கதையே வேற.

(அலமேடா பீச்ல ஓட்டறவங்க இதப் படிச்சுட்டு நாளைக்கே நீள மாஸ்ட் வாங்கிடாதீங்க. அங்க தண்ணி ரொம்ப தூரத்துக்கு முட்டிக்கால் ஆழம்தான். தண்ணி இறங்கின நேரத்துல நீள மாஸ்ட் சேத்துல குத்தும், நீங்க பலகைய விட்டுட்டு முன்னாடி பறப்பீங்க. அந்தத் தண்ணிக்கு அந்த மாஸ்ட். நான் சொல்றதே அதான்.)

விங்குக்கு வந்தா என் கட்சி கொஞ்சம் சர்ச்சைக்குரியது. சந்தேகமா இருந்தா ஒரு சைஸ் பெருசு எடுங்க. பழைய சாமான்கள்ல பெருசுன்னா பயம், இழுத்துட்டுப் போயிரும். விங்ல அப்படியில்ல. காத்து ஓவரா வந்தா முன் கைப்பிடிய மட்டும் பிடிச்சுக்கிட்டு விட்டுரலாம், கொடி மாதிரி பின்னாடி படபடன்னு ஆடும். ரொம்பப் பெருசுன்னா அதோட நுனி சாப்ல மாட்டி விழவைக்கும், கை வலிக்கும், வாஸ்தவம். ஆனா கூடுதல் காத்துல நான் வலியோட கரைக்கு வந்திருப்பேன். குறைச்சல் காத்துல பாலத்துக்குப் போனேன்.

எல்லாத்தையும் சேத்து நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கியர் எடுக்கும்போது கிளம்பற நேரத்துக் காத்தப் பாக்காதீங்க. திரும்பற நேரத்துத் தண்ணியப் பாருங்க. கடைசி அரை மணி நேரம் காத்து எப்படி இருக்கும், தண்ணி எந்தப் பக்கம் ஓடும், என் கைல எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கும்? இந்த மூணுக்கும் சரியா வர்ற கியர்தான் சரியான கியர். முதல் ஒரு மணி நேரம் அது கொஞ்சம் பெருசா, கொஞ்சம் சொதப்பலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

நம்ம பொழப்புலயும் இதான? சர்வர் வாங்கும்போது சராசரி லோடுக்கு யாராவது வாங்குவாங்களா? தீபாவளி ஆஃபர் அன்னிக்கு ராத்திரி எவ்வளவு பேரு வருவாங்கன்னு பாத்துத்தான வாங்குவோம். ஆபீஸ்ல இத எல்லா மீட்டிங்லயும் பேசறேன். தண்ணில எறங்கறப்ப மறந்து போச்சு.

இதுக்கு எதிர்க் கட்சியும் இருக்கு, நியாயமான கட்சி. சின்ன பலகைதான் சாப்ல நல்லதுன்னு சொல்வாங்க. உண்மைதான். எந்திரிச்சதுக்கப்புறம் சின்ன பலகை அலை உச்சில தட்டினாலும் ஒட்டாது, கால்ல கனமே தெரியாது, நினைச்ச பக்கம் திரும்பும். அந்தத் தாத்தா மாதிரி ஆளுங்க எடைக்குக் கீழ இருபது லிட்டர் பலகை வெச்சிருந்தாலும் தண்ணிக்குள்ள மூழ்கி நின்னுக்கிட்டே விங்ல கிளம்பிருவாங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். அது அவங்க இருபது, முப்பது வருஷம் இந்தத் தண்ணியோட பழகி வாங்கின உரிமை. அதக் கடைல 75 லிட்டர்னு எழுதி விக்க மாட்டாங்க. அவங்க பலகை சின்னதா இருக்கறது திறமையோட விளைவு. நான் அத திறமைக்குக் குறுக்கு வழின்னு நெனச்சேன். ரெண்டும் வேற.

இன்னொரு வாதம், "பெரிய பலகைலயே இருந்தா எப்பதான் முன்னேறுவ?" முன்னேறலாம். சமத் தண்ணில, கரைப் பக்கம் காத்தடிக்கற நாள்ல, கரைக்குப் பக்கத்துல சின்னத வெச்சுப் பழகலாம். ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். நான் பண்ணினது பலகை, ஃபாயில், இடம் மூணையும் ஒண்ணா மாத்தினது. ப்ரொடக்ஷன்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணு மாற்றம் ஒண்ணா போட்டவன் கதி என்ன ஆகும்னு இங்க படிக்கற பாதிப் பேருக்குத் தெரியும்.

நம்ம ஊர்லயும் ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் இப்ப கைட், விங் எல்லாம் நடக்குது. அங்க இந்த அளவுக்கு ஏத்த இறக்கம் கிடையாது, அதனால இந்த ஓட்டக் கணக்கு அப்படியே ஒட்டாது. ஆனா ராமேஸ்வரத்துல ஒரே காத்துக்குத் தீவோட ஒரு பக்கம் தண்ணி தட்டு மாதிரி இருக்கும், இன்னொரு பக்கம் அலையா இருக்கும். தென்மேற்குக் காத்து சீசன்ல ஒரு பக்கம் சமம், வாடைக் காத்து சீசன்ல மறு பக்கம் சமம். ஒரே 18 நாட், ரெண்டு வேற தண்ணி. அங்க வலை போடற யார்கிட்டயாவது "இன்னிக்கு காத்து எத்தன நாட்?"னு கேட்டுப் பாருங்க, ஒரு மாதிரி பாப்பாங்க. அவங்க பாக்கறது காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், எப்ப திரும்பும்னுதான். நான் ஒரு டிகிரி வாங்கி, பாலத்து வரைக்கும் போய் கத்துக்கிட்டேன்.

இப்ப எங்கிட்ட இருக்கறது 90 லிட்டர் பலகை, 1100 ஃபாயில், 85 மாஸ்ட், 5 மீட்டர் விங். 4 மீட்டரும் இருக்கு, 25-க்கு மேல அடிச்சா மட்டும். 75 லிட்டர வித்துட்டேன், வாங்க வந்தவரோட எடையக் கேட்டுட்டுத்தான் வித்தேன். கழுத்துல விசில், நெஞ்சுல தண்ணி பூராத பைல போன். எறங்கறதுக்கு முன்னாடி நோவா போடற நீரோட்ட அட்டவணையப் பாத்து, தண்ணி எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு தங்கமணிக்கு மெசேஜ் அனுப்பறேன். காத்து எவ்ளோன்னு அனுப்பறதில்ல.

போன வாரம் தேர்ட் அவென்யூல ஒரு புதுப் பையன் என் பலகையப் பாத்துட்டு, "ப்ரோ, இவ்ளோ பெருசா?"ன்னான்.

"ஆமா, படகு"ன்னேன்.

பி.கு: மதுரைக்காரன் இப்ப கரைக்கு வர்றப்ப பைனாகுலரோட வர்றான். கடலை நான் வாங்கித் தரணும்னு ஒப்பந்தம். உங்க யார்கிட்டயாவது இந்த மாதிரி "எல்லாரும் இதான் வெச்சிருக்காங்க"ன்னு வாங்கி மாட்டின கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கடல் சம்பந்தப்பட்டதா இருக்கணும்னு அவசியமில்ல. புல்லட் வாங்கின கதையும் செல்லும் :-)